மைதீன் பிச்சை வைத்த குங்குமம்

கூப்பிடுகிறோம், உட்காருங்கள் என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கூப்பிடாமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மைதீன் பிச்சை நினைத்தார். விசாரிக்க வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிற மேடத்துக்கு கலெக்டர் ஆபீசிலிருந்து அவசரமாக ஒரு போன் வரலாம். கரண்டு போகலாம். கரண்டு போனால் மட்டும் என்ன, ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு விசாரிப்பார்கள். விசாரணை என்ற சொல்லே அவருக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. முப்பத்தோரு வருஷச் சர்வீசில் அவர் மேல் ஒரு மெமோ கிடையாது, ஒரு விளக்கக் கடிதம் கிடையாது, ஒரு நாள் தாமதம் கிடையாது. நில அளவை ஆபீசில் தலைமை வரைவாளர். அளந்து வந்ததைக் கோடாகப் போடுகிறவர். கோடு போட்டால் ரெண்டு பக்கத்துக்காரனும் ஒப்புக்கொள்கிற மாதிரி போடுவார் என்று பேர். அந்தப் பேரோடு இன்னும் ஒரு வருஷம் நாலு மாசத்தை ஓட்டிவிட்டால் போதும். இன்றைக்கு அவர் வந்திருப்பது குற்றவாளியாக இல்லை, வெறும் சாட்சியாகத்தான். இதைத் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாரோ தெரியாது. விசாரணை ஜெபக்கனி மேல். சர்வேயராக வந்து இன்னும் ஒரு வருஷம் முழுசாக ஆகாத பெண், வேலை நிரந்தரம் ஆகவில்லை, தகுதிகாண் காலம். ஆயுத பூஜையில் அளவை மிஷினுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை மிதியடித் துணியால் துடைத்து அவமதித்தாள் என்று மனு. மனு உண்மை என்று ஆகிவிட்டால் அவளுக்கு வேலை நிலைப்பது கஷ்டம். அறைக்குள் அவள் குரல் கேட்கவில்லை, மேடத்தின் குரலும் கேட்கவில்லை, டைப் அடிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் தன் பெயரைத்தான் அடித்து முடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. வலது கை மோதிர விரலை இடது கைக்குள் பொத்தி வைத்திருந்ததை அவர் கவனித்து, சட்டென்று எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். வராந்தாப் பெஞ்சின் மறுகோடியில் ஒரு தாத்தா பட்டா மாறுதலுக்காக வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

சும்மா ஒரு பூஜை. அதில் என்ன இருக்கிறது. எல்லா ஆபீசிலும் நடக்கிறதுதான். சரஸ்வதி பூஜை லீவுக்கு முந்தின நாள் மத்தியானமே வேலை நின்றுவிடும். அலமாரியைத் துடைப்பார்கள், பழைய சங்கிலியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள், வாசலில் வாழைக்கன்று, பிரிண்டருக்கு ஒரு பொட்டு, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு, ஜீப்புக்கு மாலை. பொரியும் கடலையும் ஆளுக்கொரு பொட்டலம். அரசாங்க ஆபீசில் சாமி படமே கூடாது என்று ஏதோ ஓர் உத்தரவு இருப்பதாகச் சொல்வார்கள். அந்த உத்தரவைப் பார்த்தவர் யாரும் இல்லை, பார்க்க ஆசைப்பட்டவரும் இல்லை. மைதீன் பிச்சை இந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓரமாகத்தான் நின்றார். அப்போது கிளார்க்காக இருந்து இப்போது சூப்பிரண்டாக இருக்கிற கோமதிநாயகம்தான் சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தார். “பாய், ஸ்கேலும் காம்பஸும் ஒம்ம கையிலதானே இருக்கு. நீரே வையும், அதான் மொறை.” சிரித்த முகம். அன்பாகத்தான் சொன்னார், சத்தியமாக அன்பாகத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம், அல்லது அரை நிமிஷம்தான் இருக்கும், அந்தத் தட்டு அவர் முன்னால் நின்றது. வேண்டாம் அண்ணாச்சி, நீங்க வைங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அல்லது ஏதாவது ஆகியிருக்குமா? அந்த அரை நிமிஷத்துக்குள் அவருக்கு என்னென்னவோ ஓடியது. அந்த வருஷம் எங்கேயோ ஓர் ஊரில் கலவரம், பேப்பர் முழுக்க அதுதான். டீக்கடையில் அவர் போய் நின்றால் பேச்சு மாறும். தட்டை நீட்டினார்கள், விரலை நனைத்தார், வைத்தார். கைதட்டினார்கள். கைதட்டும்படி என்ன செய்துவிட்டோம் என்று அப்போதே ஒரு சின்னக் கூச்சம். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் போய் விரலைக் கழுவினார், கழுவினது தெரியாமலிருக்க முகத்தையும் கழுவிக்கொண்டார். நெற்றியில் வைக்கவில்லையே, இரும்பில்தானே வைத்தோம், மனசில் ஒன்றும் இல்லையே என்று படைத்தவனிடம் வழக்கு நடத்தினார். அந்த வழக்கு இருபத்திரண்டு வருஷமாக வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த வருஷம் தட்டு தானாக வந்தது. அதற்கடுத்த வருஷம் அவருக்காகக் காத்திருந்தார்கள். “எங்க ஆபீஸ்ல பாய்தான் மொதப் பொட்டு வைப்பாரு” என்று கோமதிநாயகம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், பெற்ற பிள்ளை பரிசு வாங்கின மாதிரி. இவர் மகள் பிரசவத்தில் ரத்தம் வேண்டியிருந்தபோது முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றவர் அவர். பெருநாளைக்கு வீட்டுக்கு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் நீட்டுகிற தட்டை எப்படித் தள்ளுவது? ஊரோடு ஒத்து வாழ் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் ஊர் ஒரு நாளும் அவரோடு ஒத்து வாழ வேண்டியிருந்ததில்லையே என்று ஒரு நினைப்பு வரும், வந்ததும் அதை அமுக்கிவிடுவார்.

வருஷத்துக்கு ஒரு தடவை நல்லிணக்க உறுதிமொழி எடுப்பார்கள். எல்லோரும் வரிசையாக நின்று ஒரு கையை நீட்டிக்கொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதையும் பாய்தான் வாசிக்க வேண்டும், பாய் வாசித்தால்தான் பொருத்தம். சாதி மத வேறுபாடு பாராமல் என்று அவர் கணீரென்று சொல்வார். பாராமல் என்று ஏழு குரல் பின்னால் வரும். வாசித்துவிட்டுத் தாளை மடித்து டிராயரில் வைத்துக்கொள்வார், அடுத்த வருஷத்துக்கு ஆகும். தாளில் நாம் எல்லோரும் சமம், பொட்டு வைக்கிற அன்றைக்கு நான் நல்லவன் என்று காட்ட வேண்டும். காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். எங்கேயாவது குண்டு வெடித்த மறுநாள் ஆபீசில், “நீரு அப்படி இல்ல பாய்” என்பார்கள். அவரும் ஆமா என்று தலையாட்டுவார். எப்படி இல்லை, எந்த ‘அப்படி’ இல்லை என்று கேட்டதில்லை. அவர் தம்பி மகன் அப்படியா, பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிற தையல்கார மீரான் அப்படியா? ஆட்டின தலையில் அவர்களையெல்லாம் விற்றுவிட்டு வந்திருக்கிறோம் என்று பிறகு வீட்டில் சாப்பிடும்போது நெஞ்சை அடைக்கும். சபுரா தண்ணீரை நகர்த்தி வைப்பாள், என்ன என்று கேட்க மாட்டாள். அவளுக்கு இந்தப் பொட்டு விஷயமே தெரியாது. இந்த இருபத்திரண்டு வருஷமும் ஒரே பாயில் படுத்து எழுந்த பெண்டாட்டிக்குத் தெரியாது! பொரிப் பொட்டலத்தைக்கூட பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மாளிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்த அம்மாள் புண்ணியவான் என்று வாழ்த்துவாள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வாழ்த்து வேண்டும். இப்போது மட்டும் சபுரா அறிந்தால் என்ன சொல்வாள், பாவம் என்று சொல்வாளா, அல்லது இவ்வளவுதானா நீங்க என்பாளா? இவ்வளவுதானா என்பதைத்தான் அவருக்குத் தாங்க முடியாது. பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தவ்பா இருக்கிறது, இவ்வளவுதானா என்பதற்கு ஒரு பரிகாரமும் இல்லை.

டைப் சத்தம் நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம். இல்லை, மறுபடி டைப். இவ்வளவு நேரம் அந்தப் பெண்ணிடம் என்ன கேட்கிறார்கள்? ஜன்னலோரம் நின்றாளே, அதைக் கேட்பார்களோ? அந்த ஜன்னல். எங்கே சுற்றினாலும் புத்தி கடைசியில் அந்த ஜன்னலில்தான் போய் முட்டுகிறது. அன்றைக்கு மணி மூன்று இருக்கும். பூஜைக்குக் கூப்பிட்டார்கள். ஜெபக்கனி தன் அளவை மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, “நீங்க கும்பிடுங்க சார், நான் வெளிய நிக்கேன்” என்றாள். முகத்தில் ஒரு முறைப்பும் கிடையாது, கல்யாண வீட்டில் கைநனைக்காமல் போகிறவள் மாதிரி ஒரு சின்னச் சிரிப்பு. கோமதிநாயகம், “மிஷினுக்கு ஒரு பொட்டு வச்சிட்டுப் போம்மா, சாமி ஒண்ணும் கடிக்காது” என்றார். “எனக்கு வழக்கமில்ல சார். யாரு வச்சாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நான் வைக்க மாட்டேன்.” மாட்டேன் என்று சொன்னாள். இந்த இருபத்தாறு வயசுப் பெண், வேலை நிரந்தரம் ஆகாத பெண், ஒரு வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெளியே போய்ப் புங்க மரத்தடியில் நின்றாள். வானம் இடியவில்லை. மைதீன் பிச்சைக்கு அந்த நிமிஷம் என்ன வந்திருக்க வேண்டும்? சந்தோஷம் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பொறாமையாவது. வந்தது கோபம். அவள் மேல் கோபம். இவ்வளவு சுலபம் என்றால் இத்தனை வருஷமாக நான் யார்? “பாயே வைக்காரு, இவளுக்கு என்னவாம்” என்று யாரோ சொன்னார்கள். கோமதிநாயகம் தட்டைத் திருப்பினார். “பாய், நீரே இதுக்கும் வச்சிரும். பாத்துட்டுப் போட்டும்.” பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் நினைத்தார். அதுதான், அந்த நினைப்புத்தான் இப்போது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து தோளை இடித்துக்கொண்டிருக்கிறது. சந்தனத்தைத் தொட்டார். மிஷினுக்கு நெற்றி என்று ஒன்று கிடையாது, ஒற்றைக் கண்தான் உண்டு. கண்ணுக்கு மேலே வைத்தார். சந்தனம் நீர்த்திருந்தது, வழிந்து கண்ணாடியில் இறங்கிவிட்டது. முப்பத்தோரு வருஷமாக இந்தக் கருவிகளோடு இருக்கிறவருக்கு லென்ஸில் விரல் படக்கூடாது என்று தெரியாதா? தெரியும். அதன் மேலேயே குங்குமத்தையும் அப்பினார். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரையே பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். இரக்கம் மாதிரி ஒன்று இருந்தது. அதற்கு மேல் அவரால் அங்கே பார்க்க முடியவில்லை.

எல்லோரும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க ரோட்டுக்குப் போனபோது அவள் உள்ளே வந்தாள். அவர் ஒருத்தர்தான் இருந்தார், எதையோ தேடுகிற மாதிரி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு. அவள் மிஷின் பெட்டியைத் திறந்து அதற்குள்ளேயே இருக்கிற மெத்துத் துணியை எடுத்து, வாயால் ஊதி ஊதி, குழந்தையின் கண்ணில் மை கலைந்தால் துடைப்போமே, அப்படித் துடைத்தாள். “லென்ஸ்ல பட்டா ரீடிங் காட்டாது சார். திங்கக்கெழம வாய்க்கா அளக்கப் போணும்” என்றாள். யார் வைத்தது என்று கேட்கவில்லை. துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது, உலகத்தில் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வாசலிலிருந்து யாரோ செல்போனில் எடுத்துவிட்டார்கள். அவள் கையில் துணி, மிஷினில் பாதி அழிந்த குங்குமம். படம் எங்கெங்கோ சுற்றி ஊரில் ஒரு கூட்டத்தார் கைக்குப் போய், துணி மிதியடி ஆகி, துடைத்தது அவமதித்தது ஆகி, கலெக்டருக்கு மனு ஆகிவிட்டது. கோமதிநாயகமே ஆடிப்போய்விட்டார். நேற்று டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: “பாய், எனக்கு அந்தப் புள்ள மேல ஒரு பகையும் கெடையாது. ஆனா இவனுவ சும்மா விட மாட்டானுவ, ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துருவானுவ. ஒம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. தொடச்சாளா? ஆமான்னு சொல்லும். தொடச்சது நெசந்தானே, பொய் சொல்லச் சொல்லலியே. யாரு வச்சதுன்னு நாங்க யாரும் வாயத் தெறக்கல. ஒம்ம பேரு இதுல வரவே வராது. அது என் பொறுப்பு.” நிஜம்தான். துடைத்தாள். ஆமா. ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குள் மெத்துத் துணி இல்லை, வழிந்த சந்தனம் இல்லை, விரல் இல்லை. எட்டு பேர் ஆபீசில் ஆறு பேர் சேர்ந்து அவரைக் காப்பாற்றுகிறார்கள், காப்பாற்றுகிற சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் நிற்கிறாள். டீயைக் குடித்தார். சரி அண்ணாச்சி என்றும் சொல்லித் தொலைத்தார். ராத்திரியெல்லாம் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார், நான்தான் வைத்தேன் மேடம் என்று. சொன்னால் என்ன ஆகும்? மனுக் கொடுத்த கூட்டம் நாளைக்கு அவர் பேரைச் சொல்லிக் கத்தும். ஒரு துலுக்கன் வைத்தான், ஒரு கிறிஸ்தவச்சி துடைத்தாள், ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கதை கட்ட ஆளுக்கா பஞ்சம். பென்ஷன் நிற்கும். மருமகன் வீட்டில் என்ன சொல்வார்கள். ஜமாத்தில் என்ன சொல்வார்கள், இருபத்திரண்டு வருஷமா வச்சீரா என்று கேட்பார்களே! அங்கேயும் முகம் காட்ட முடியாது, இங்கேயும் முடியாது. சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதுதான் அவரைப் போட்டு வதைத்தது.

கதவு திறந்தது. ஜெபக்கனி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, அழுததா தூக்கமில்லாததா தெரியவில்லை. மைதீன் பிச்சை எழுந்தார், எதற்கு எழுந்தார் என்று அவருக்கே விளங்கவில்லை, அவளை விடப் பதவியிலும் வயசிலும் பெரியவர். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “யாரு வச்சதுன்னு கேட்டாங்க சார். நான் பாக்கலன்னு சொல்லிட்டேன். ஒங்க பேரு வராது. நீங்க சங்கடப்படாதீங்க.” இவ்வளவுதான். அவர் ஏதாவது சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள். அவருக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. கால் முதல் தலை வரை, மழையில் நனைந்தவன் வேட்டி மாற்றிக்கொண்ட மாதிரி அப்படியொரு நிம்மதி. பசி எடுத்தது. காலையில் சபுரா சுட்ட தோசையை வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்தது ஞாபகம் வந்து, எதிர்க் கடையில் வடை போட்டிருப்பானா என்று மூக்கு தேடியது. வடை! ஒரு பெண் தன் வேலையைப் பணயம் வைத்து இவரைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டுப் போகிறாள், இவருக்கு வடை வாசம் அடிக்கிறது. தன் உடம்பையே அவருக்குப் பிடிக்காமல் போயிற்று. இந்த நிம்மதிக்காகத்தானே இருபத்திரண்டு வருஷமும். ஒவ்வொரு வருஷமும் தட்டு போன பிறகு வருமே ஒரு மூச்சு, அதே மூச்சு. இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் தன்னைச் சாந்தமானவன், அனுசரித்துப் போகிறவன் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோமா? இவள் எதையும் அனுசரிக்கவில்லை, ஆனால் இவரை அனுசரித்துவிட்டுப் போகிறாள். “மைதீன் பிச்சை” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மேடம் வெளியூர்க்காரர், ஐம்பது வயசுக்குள் இருக்கும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டைப்பிஸ்ட். சுவரோரம் நாற்காலியில் பைலோடு கோமதிநாயகம், கண்ணாலேயே பயப்படாதேயும் என்றார். “உக்காருங்க. அந்தப் பொண்ணு துடைச்சதை நீங்க பாத்தீங்களா?” என்று மேடம் கேட்டார். “பாத்தேன் மேடம்.” “எதால துடைச்சாங்க?” “லென்ஸ் துணியால மேடம். மிஷின் பெட்டியிலயே இருக்கும். மிதியடி இல்ல. கண்ணாடியில சந்தனம் எறங்கியிருந்துச்சு, அதத் தொடைக்காம அளக்க முடியாது.” கோமதிநாயகத்தின் புருவம் ஏறியது. இதைச் சொன்னதே போதும் என்று மைதீன் பிச்சை நினைத்தார், இதோடு எழுந்து போய்விடலாம். ஆனால் மேடம் எரிச்சலோடு, “கண்ணாடியில சந்தனம் வச்ச புத்திசாலி யாரு? யாரைக் கேட்டாலும் தெரியாதுங்கறாங்க. அந்தப் பொண்ணும் பாக்கலையாம். தானா வந்து ஒட்டிக்கிச்சா?” என்றார். “நான்தான் மேடம் வச்சேன்.” சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகம். டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரையும், முன்னாலிருந்த தாளில் அவர் பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்க முஸ்லிம்தானே?” “ஆமா மேடம்.” “எத்தனை வருஷமா இந்தப் பூஜையில கலந்துக்கறீங்க?” “இருபத்திரண்டு வருஷமா மேடம்.” அவர் வாய் மூடுவதற்குள் கோமதிநாயகம் முந்திக்கொண்டார். “பாய்தான் மேடம் மொத ஆளா நிப்பாரு. எங்க ஆபீஸ்ல அந்தப் பாகுபாடே கெடையாது.” மேடத்தின் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நேரம் வழி தெரியாமல் நின்றவருக்கு வழி கிடைத்த தெளிவு. டைப்பிஸ்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்: “போட்டுக்கோங்க. துணி விஷயத்துல உள்நோக்கம் இல்லைன்னு தெரியுது. ஆனா, இஸ்லாமியரான தலைமை வரைவாளரே இருபத்திரண்டு ஆண்டுகளாக விருப்பத்துடன் இதில் பங்கேற்று வருவதால், இது மதச் சடங்கு அல்ல, அலுவலக வழக்கமே என்று தெளிவாகிறது. எனவே, மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஜெபக்கனி கலந்துகொள்ள மறுத்ததை ஏற்க இயலாது. தகுதிகாண் காலத்தில் அலுவலக ஒற்றுமைக்குக் குந்தகமான நடத்தை…” டைப் ஓடியது. மைதீன் பிச்சைக்குக் காது அடைத்தது. உண்மையைச் சொன்னோம், சொன்ன உண்மையை எடுத்தே அவள் கழுத்தில் கட்டுகிறார்கள். கட்டக் கயிறு கொடுத்தது யார்? இன்றைக்குக் கொடுத்ததல்ல, வருஷத்துக்கு ஒரு முழமாகத் திரித்துத் திரித்துக் கொடுத்தது. நான் வைத்ததால்தான் அவள் வைக்க மாட்டேன் என்றது குற்றமாகிறது. நான் ஒருத்தன் ஒதுங்கி நின்றிருந்தால் இவள் இரண்டாவது ஆளாக நின்றிருப்பாள், ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். “மேடம்” என்றார். டைப் நிற்கவில்லை, செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். “மேடம், விருப்பத்துடன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. அத எடுத்திரணும்.” “ஏன்? கட்டாயப்படுத்தினாங்களா?” “இல்ல மேடம். யாரும் கட்டாயப்படுத்தல.” “அப்ப விருப்பம்தானே?” “இல்ல மேடம்.” “என்ன சார் இது, கட்டாயமும் இல்ல, விருப்பமும் இல்லன்னா வேற எப்படி வச்சீங்க?”

கூச்சம் என்று சொல்லலாமா, பழக்கம் என்று சொல்லலாமா, நாகரிகமாக ஏதாவது ஒரு சொல் கிடைக்குமா என்று ஒரு கணம் துழாவினார். ஒன்றும் கிடைக்கவில்லை. “பயத்துல மேடம்” என்றார். மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், அறுபதை எட்டப்போகிற ஆம்பிளை ஒரு பெண் அதிகாரிக்கு முன்னால் சொல்கிற சொல்லா அது. கோமதிநாயகம் பைலை மடியிலிருந்து நழுவவிட்டார், குனிந்து எடுக்கவில்லை. “பயமா?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. யாரோ கூப்பிட்டு நடுத்தெருவில் அறைந்தது போல, எதற்கென்று தெரியாத முகத்தோடு கேட்டார். “எங்களப் பாத்தா பாய்? என்னப் பாத்தா?” இல்ல அண்ணாச்சி, ஒங்களச் சொல்லுவேனா, ஒங்கள மாதிரி உண்டுமா என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. இருபத்திரண்டு வருஷமாகத் தயாராக நாக்கில் நிற்கிற சொற்கள், தட்டினால் போதும் கொட்டிவிடும். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு, “ஆமா அண்ணாச்சி” என்றார். “பயத்தில்னு போடவா மேடம்?” என்று டைப்பிஸ்ட் மெதுவாகக் கேட்டார். தான் சொன்னதை நீக்கிவிட்டு முதலிலிருந்து யோசிக்க வேண்டிய வேலை மேடத்துக்கு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. “அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே போடுங்க. மிச்சத்தை நான் அப்புறம் சொல்றேன்” என்றார். மைதீன் பிச்சைக்கு நெஞ்சு லேசாகும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்படி ஆகும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறார். ஆகவில்லை. இத்தனை நாள் மூடி வைத்த வெட்கம் இப்போது மூன்று பேருக்கு முன்னால் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கோமதிநாயகம் எழுந்தார், வெளியே போகப்போகிறார் என்று மைதீன் பிச்சை நினைத்தார். அவர் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, இவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அதை வாங்கவும் வெட்கமாக இருந்தது, வாங்காமல் இருக்கவும் வெட்கமாக இருந்தது. வாங்கிக் குடித்தார்.